தமிழில் எட்டு

"கை தவறியிருக்கும்னு எழுதிக் குடுத்துடு" என்றார் கலைவாணன். "படிக்காத அம்மா. எங்க வெச்சாங்களோ, எங்க வுட்டாங்களோ."

பூவிழி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கருவடிக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து, லாஸ்பேட்டையில் அவள் வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனி இருந்த மாடிக்கு ஏறி, கதவைத் தள்ளியதும் மேலதிகாரியிடமிருந்து காதில் விழுந்த முதல் பேச்சு இதுதான்.

"எந்த அம்மா சார்?"

"வைத்திக்குப்பம். மீன் விக்கிறவங்க. அஞ்சலாட்சின்னு பேரு. பித்தப்பை ஆபரேஷன் பண்ணி வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க. வீட்டுல ரெண்டு நாளா வலியில துடிச்சிருக்காங்க. அப்புறம் ஜொரம் வந்து, ஆட்டோவுல தூக்கிட்டு வந்தா, உள்ள சீழ் கட்டியிருக்குது. மறுபடியும் வயித்தக் கிழிச்சிருக்காங்க. நம்ம ஆப்புல இருந்து அலாரமே வரலன்னு நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் கத்துறாங்க. அந்த அம்மா ஒழுங்கா வெச்சிருந்தா வந்திருக்கும்ல? நீ போயி போனைப் பார்த்துட்டு, ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு வா."

ஒரு தனியார் மருத்துவமனைக்காக அவர்கள் செய்து கொடுத்த ஆப் அது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் காலையிலும் மாலையிலும் அதைத் திறக்க வேண்டும். திரையில் ஒரு பட்டை, பட்டையில் ஒரு குமிழ். விரலால் குமிழைத் தள்ளி, வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் காட்ட வேண்டும். எண் ஏற ஏறப் பட்டையின் நிறம் மாறும், அதன்மேல் இருக்கும் முகம் மாறும், கீழே ஒரு வரி மாறும். எட்டைத் தொட்டால் மருத்துவமனையில் நர்ஸின் கணினியில் மணி அடிக்கும். நர்ஸ் உடனே நோயாளிக்குப் போன் செய்வார். உள்ளூர்க்காரர்களுக்காகத் தமிழ், எல்லோருக்குமாக ஆங்கிலம், பிரான்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்களுக்காகப் பிரெஞ்சு என்று மூன்று மொழிகள்.

அந்தப் பட்டையை இயக்கும் கணினி நிரலைப் பற்றிப் பூவிழிக்கு நன்றாகவே தெரியும். நினைத்தாலே எரிச்சல் வரும். ஐந்து மாதத்துக்கு முன் கலைவாணனிடம் அவளே கேட்டிருந்தாள்: "சார், மூணு பாஷை, பதினோரு நம்பர்னு ஒரே விஷயத்தை முப்பத்துமூணு தடவை எழுதி வெச்சிருக்கோம். ரெண்டு நாள் குடுங்க, சுருக்கிடறேன். இல்லன்னா ஒரு நாள் எங்கயாவது எதையாவது வுட்டுடுவோம்." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்ன பதிலும் ஞாபகம் இருந்தது. "ஓடிட்டு இருக்குல்ல? ஓடுறதத் தொடாத."

அவள் திரும்பிப் படியிறங்கினாள்.

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் நிர்மலாதேவி காத்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் வார்டுகளில் நின்று நின்று கால் நரம்பு புடைத்தவர். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"எங்க ஸ்கிரீன்ல அந்த அம்மா பேரே வரல. ஒரு தடவைகூட வரல. வந்திருந்தா என் நர்ஸ் பொண்ணுங்க போன் பண்ணாம இருந்திருக்க மாட்டாங்க. நீங்க வந்து பாத்துட்டு, பேஷன்ட் மேல பழியப் போட்டுட்டுப் போவப் போறீங்க, அதானே?"

பூவிழிக்கு முகம் சுட்டது. சொல்லி அனுப்பப்பட்டது அதுவேதான்.

அஞ்சலாட்சிக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. ஆனால் கண் மட்டும் ஓயவில்லை. பூவிழியை மேலும் கீழும் பார்த்தது.

"நீதான் அந்த போனு செஞ்சவளா?"

"போன் இல்லம்மா. அதுக்குள்ள வலி எவ்ளோன்னு கேக்குதுல்ல, அது எங்க ஆபீஸ்ல செஞ்சது."

"செஞ்சியே, நல்லா செஞ்ச."

பூவிழி படுக்கையின் ஓரத்தில் நின்றபடி, மெதுவாகத்தான் கேட்டாள். "குமிழை எந்த நம்பர்ல வெச்சீங்கன்னு ஞாபகம் இருக்குதாம்மா?"

"ஞாபகமா?" அஞ்சலாட்சி எழுந்து உட்காரப் பார்த்தார். வயிறு இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சாய்ந்தார். "எட்டு. விடிஞ்சதும் எட்டுல வெச்சேன், பொழுது சாயவும் எட்டுல வெச்சேன். மறுநாளும் ரெண்டு தபா வெச்சேன். செக்கச் செவேல்னு ஒரு மூஞ்சி அழுதுது. கீழ எழுதியிருந்தத எம் பொண்ணு படிச்சிச் சொன்னா, நர்ஸ் கூப்பிடுவார், காத்திருங்கள்னு. காத்திருந்தேன். தலைமாட்டுலயே போன வெச்சிக்கிட்டு, தண்ணிக்குக்கூட எழுந்துக்காம காத்திருந்தேன்."

"பத்துல வெச்சிருக்கலாமேம்மா."

"பத்துன்னா உசுரு போற வலின்னு இந்த சிஸ்டரு சொன்னாங்க. உசுரு போவல. அதான் எட்டுல வெச்சேன். இல்லாதத ஏன் சொல்லணும்?"

அருகிலிருந்த போனைத் தானே எடுத்து, ஆப்பைத் திறந்தார். கட்டைவிரலால் குமிழைத் தள்ளி, எட்டில் நிறுத்தினார். ஒரு மயிரிழைகூட அப்படி இப்படிப் போகவில்லை.

"பாரு. இந்தக் கையி நாப்பது வருசமா மீன் அரியுது. நகத்தளவு தவறினாலும் வெரலு இருக்காது. இந்தக் குமிழு தவறிடுமா?"

திரையில் இருந்த முகம் சிவந்தது. அழுதது. 'நர்ஸ் உங்களை அழைப்பார், காத்திருங்கள்' என்ற வரி வந்தது. பூவிழி திரும்பிப் பார்த்தாள். நிர்மலாதேவி ஏற்கெனவே வராந்தாவில் நர்ஸ்கள் உட்காரும் மேஜைக்குப் போய்க் கணினி முன்னால் நின்றிருந்தார்.

"அடிச்சிதா சிஸ்டர்?"

"இல்ல."

பூவிழி போனை வாங்கினாள். ஏதோ ஒரு சந்தேகத்தில், மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, எட்டில் வைத்தாள்.

வராந்தாவில் மணி அடித்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரு நர்ஸ் பதறி எழுந்தாள்.

பிரெஞ்சுக்கு மாற்றி எட்டில் வைத்தாள். மணி அடித்தது. மறுபடியும் தமிழ். எட்டு. சிவந்த முகம், அழுகை, காத்திருங்கள். வராந்தா அமைதியாக இருந்தது. தமிழில் ஒன்பது வைத்தாள், அடித்தது. பத்து, அடித்தது. எட்டுக்கு இறங்கினாள். இல்லை.

நிர்மலாதேவி வாசலில் வந்து நின்றார். அஞ்சலாட்சிதான் கேட்டார்.

"இப்ப எப்பிடி அடிச்சிது?"

"பாஷைய மாத்தினேம்மா. இங்கிலீஷ்ல வெச்சா அடிக்குது."

"இங்கிலீஷ்ல வலிச்சா ஆளு வரும். தமிழ்ல வலிச்சா வராது. அப்பிடித்தானே?"

பூவிழி போனைப் படுக்கையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரு மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

லாஸ்பேட்டைக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் கலைவாணனிடம் பேசவேண்டியதை மனதுக்குள் பேசிக்கொண்டே வந்தாள். ஓடுறதத் தொடாத, தொடாத என்றீர்களே. நான் அன்றைக்கே கேட்டேனே. ஒரு பொம்பளை இரண்டு நாள் போனைப் பார்த்துக்கொண்டே கிடந்தாளே. சிக்னலில் பச்சை விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பின்னால் இருந்த பஸ் ஹாரன் அடித்தது.

அலுவலகத்தில் அவள் நேராகத் தன் இடத்துக்குப் போனாள். பேசுவதற்கு முன் கையில் ஆதாரம் வேண்டும். முதலில் சர்வரில் பார்த்தாள். நோயாளிகள் வைத்த எண்கள் எல்லாம் அங்கே பதிவாகியிருந்தன. நர்ஸின் திரைக்கு மணி அடித்தவை மட்டும்தான் போகும். அஞ்சலாட்சியின் பெயருக்கு நேராக எட்டு, எட்டு, எட்டு, எட்டு. பிறகு, இன்று மருத்துவமனையில் அவர்கள் வைத்துப் பார்த்தவை மட்டும்தான். காலையில் கலைவாணன் இதைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். திறக்காமலே கை தவறியது என்று சொன்னார்.

அடுத்து நிரலைத் திறந்தாள். எழுநூறு வரிக்கு மேல். மொழி தமிழ் என்றால், எண் பூஜ்யம் என்றால், இந்த நிறம், இந்த முகம், இந்த வரி. இல்லை, எண் ஒன்று என்றால், இந்த நிறம், இந்த முகம், இந்த வரி. இல்லை, இரண்டு என்றால். இப்படியே பத்து வரைக்கும். பிறகு மொழி ஆங்கிலம் என்றால் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து. பிறகு பிரெஞ்சு. வரிக்கு வரி ஒன்றுபோலவே இருந்ததால் கண் வழுக்கிக்கொண்டு போனது. ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்துவிட்டதாகத் தோன்றும்.

தமிழ், எட்டு. நிறம் சிவப்பு. அழும் முகம். காத்திருங்கள் என்ற வரி. அதற்குக் கீழே, நர்ஸைக் கூப்பிடும் ஒற்றை வரி இருந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தது. பிரெஞ்சில் இருந்தது. தமிழில் இல்லை.

"சார், இங்க வாங்க" என்று கத்தினாள். அலுவலகத்தில் இருந்த ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கலைவாணன் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"கை தவறலை சார். நம்மதுதான் தவறியிருக்குது. இதப் பாருங்க. இந்தக் கோட் உங்களோடது. நான் சுருக்கித் தரேன்னு சொன்னப்ப வேணாம்னு சொன்னது நீங்க. அந்த அம்மா செத்திருந்தா என்னா சார் எழுதிக் குடுத்திருப்பீங்க? யூசர் எரர்னா?"

கலைவாணன் குனிந்து அந்த வரியைப் பார்த்தார். நிதானமாகக் கேட்டார்: "இந்த எட்டைக் கடைசியா மாத்தினது யாருன்னு பாத்தியா?"

ஒவ்வொரு வரியையும் யார், எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்பதும் பதிவில் இருக்கும். பூவிழி பார்த்தாள்.

அவள் பெயர் இருந்தது.

ஐந்து மாதத்துக்கு முன். அதுவரை ஒன்பதிலிருந்துதான் மணி அடித்தது. எட்டிலேயே அடிக்க வேண்டும் என்று மருத்துவமனை கேட்டது. மூன்று மொழியிலும் மூன்று இடத்தில் போய் மாற்ற வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் மாற்றினாள். பிரெஞ்சில் மாற்றினாள். தமிழில் நிறத்தை, முகத்தை, எழுத்தை எல்லாம் மாற்றிவிட்டு, அந்த ஒரு வரியை விட்டுவிட்டாள். ஆங்கிலத்தில் ஓட்டிப் பார்த்தாள், மணி அடித்தது, சரி என்று அனுப்பினாள். அந்த அலுப்பில்தான் மறுநாள் கலைவாணனிடம் போய்ச் சுருக்கலாமா என்று கேட்டாள். ஒரு நாள் எதையாவது விட்டுவிடுவோம் என்று சொன்னபோது, விட்டு ஒரு நாள் ஆகியிருந்தது.

அவ்வளவு நேரமாக ஏறிக்கொண்டிருந்த கோபம் இறங்கவில்லை. இருந்த இடத்திலேயே திரும்பி அவளையே கடித்தது. தமிழ் பேசும் அவள், தமிழில் ஒருமுறைகூடத் தள்ளிப் பார்க்கவில்லை.

கலைவாணன் குரலைத் தாழ்த்தினார். "நான் யார்கிட்டயும் சொல்லல. நீயும் சொல்லாத. சர்வர்ல ஏதோ கோளாறுன்னு ஒரு லெட்டர் போட்டுக்கலாம். இப்பவே அந்த வரியச் சேத்து அனுப்பிடு. உன் பேர்தான் அடிபடும், யோசிச்சிக்க."

அவர் அதை மிரட்டலாகச் சொன்னாரா, இரக்கத்தில் சொன்னாரா என்று பூவிழிக்குப் புரியவில்லை.

"என் பேரு அடிபடட்டும். உங்க பேரும் அடிபடட்டும். அந்த அம்மா பேர மட்டும் அடிக்க நெனச்சீங்களே காலையில, அது எப்படி சார் அவ்ளோ சுலபமா வந்துச்சி?"

அவள் விட்டுப்போன வரியைச் சேர்த்து அனுப்பினாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படியாகவே நிர்மலாதேவிக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள். தன் பெயரைச் சொன்னாள். இந்த ஐந்து மாதத்தில் தமிழில் எட்டு வைத்தவர்கள் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள், பட்டியலை அனுப்புகிறேன் என்றாள்.

மறுமுனையில் நீண்ட மூச்சு கேட்டது. "ஆறு பேரா? என் வாயில என்னென்னமோ வருது. எல்லாத்தையும் அப்புறம் கேட்டுக்கறேன். மூணு பேருக்கு நான் போன் பண்றேன். மூணு பேருக்கு நீ பண்ணு. மன்னிப்பு கேட்டுக்கிட்டு நேரத்த வீணாக்காத. எப்படி இருக்காங்கன்னு கேளு."

முதல் இருவரும் தேறி, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பெயர் அம்மாவாசை. ஒரு காலத்தில் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். முழங்காலில் ஆபரேஷன் நடந்து மூன்று வாரம்.

"ஆமா, எட்டுல வெச்சேன்" என்றார் அவர், மிகச் சாதாரணமாக. "ரெண்டு நாள் வெச்சேன். யாரும் கூப்புடல. சரி, நம்மள மாரி ஆளுக்கெல்லாம் எங்க கூப்புடப் போறாங்கன்னு, அப்புறம் ரெண்டு, மூணுன்னு எதையாவது வெச்சிட்டு வுட்டுடறது."

"இப்ப வலி எப்படிங்க இருக்குது?"

"அது இருக்குதும்மா. ராத்திரியில காலு வீங்கிக்குது."

பூவிழி அந்த இடத்திலேயே நிர்மலாதேவிக்குச் சொன்னாள்; அவர் பேசிய மூவரும் நலமாக இருந்தார்கள். மாலைக்குள் ஆம்புலன்ஸ் போய் அவரை அழைத்து வந்தது. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருந்தது; சரியான நேரத்துக்குப் பார்த்தாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். நம்மள மாரி ஆளுக்கெல்லாம் என்று அந்த மனிதர் குறையே இல்லாத குரலில் சொன்னது அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் காலை அலுவலகத்தில் யாரையும் கேட்காமல் உட்கார்ந்தாள். எழுநூறு வரியையும் தூக்கினாள். ஒரே ஓர் அட்டவணை எழுதினாள். பதினோரு வரிசை, எண்ணுக்கு ஒரு வரிசை. நிறம் என்ன, முகம் என்ன. அவ்வளவுதான். எந்த எண்ணில் மணி அடிக்கும் என்பதற்கு ஒரே ஒரு விதி, ஒரே ஓர் இடத்தில்: எட்டு, அதற்கு மேல். மொழி என்பது கீழே வரும் எழுத்தை மட்டும்தான் மாற்றும். மணி இருக்கும் பக்கம் அது எட்டிப் பார்க்கவே முடியாது. நாளைக்கு ஏழிலிருந்து அடிக்கவேண்டும் என்றால், ஓர் எண்ணை மாற்றினால் போதும். மத்தியானம் முடிந்தபோது மொத்தமே நாற்பத்தைந்து வரிகள். ஐந்து மாதத்துக்கு முன் அவள் கேட்டது இரண்டு நாள். ஆனது அரை நாள். அதை நினைத்தபோது மேஜையை ஓங்கிக் குத்தினாள். பக்கத்தில் இருந்தவரின் டீ சிந்தியது.

கலைவாணன் வந்து நின்றார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"மூணு வாரத்துல முடிச்சிக் குடுன்னாங்க. அப்ப நான் ஒருத்தன்தான் இருந்தேன். தமிழ் முடிச்சதும் அதையே காப்பி பண்ணி இங்கிலீஷ். அதக் காப்பி பண்ணி பிரெஞ்சு. அப்புறமா சரி பண்ணிக்கலாம்னுதான் நெனச்சேன்."

"அப்புறமாங்கறது வந்துச்சி சார். நான்தான் கொண்டாந்தேன். நீங்க வேணாம்னீங்க."

"ஆமா" என்றார். தன் போனை எடுத்தார். நிர்மலாதேவியைக் கூப்பிட்டு, கணினி முன்னால் உட்காரச் சொன்னார். தமிழில் பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒவ்வொன்றுக்கும் அடித்ததா என்று கேட்டார். பிறகு ஆங்கிலம். பிறகு பிரெஞ்சு. முப்பத்துமூன்று தடவையும் அவரே செய்தார். பூவிழி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர்மேல் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது.

சாயங்காலம் அவள் அஞ்சலாட்சியைப் பார்க்கப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. அஞ்சலாட்சி சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"சரி பண்ணியாச்சும்மா. தமிழ்லயும் அடிக்குது."

"ம்."

"ஒண்ணு சொல்லணும். அந்த எட்டுல மணி அடிக்கிற வரிய வுட்டது நான்தாம்மா. வேற யாரும் இல்ல. என் கைதான் தவறிடுச்சி."

அஞ்சலாட்சி தம்ளரைக் கீழே வைத்தார். கத்துவார் என்று பூவிழி எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உனக்கு அம்மா இருக்குதா?"

"இருக்காங்க."

"தமிழு பேசுமா, இங்கிலீசா?"

"தமிழ்தாம்மா."

"அது வயித்தக் கிழிச்சிக்கிட்டுப் படுத்திருந்தா, ஒரு தபா வெச்சிப் பாத்திருப்பல்ல?"

பூவிழி ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

"நேத்து என்னாடான்னா என் கை தவறிடுச்சான்னு பாக்க வந்தீங்க. இன்னிக்கு நீயே வந்து உன் கைதான் தவறிடுச்சின்னு சொல்ற. நாளைக்கு அங்க இங்கன்னு வேற எவனும் பேச்ச மாத்தக் கூடாது. இத எழுதி, உன் கையெழுத்தப் போட்டு, அந்த சிஸ்டருகிட்டக் குடு. என் பொண்ணு படிச்சிப் பாப்பா."

பூவிழி நர்ஸ் மேஜையில் ஒரு தாள் வாங்கி, நின்றுகொண்டே எழுதினாள். நோயாளி அஞ்சலாட்சி நான்கு முறையும் சரியாகவே தெரிவித்தார், மணி அடிக்கும் வரியை விட்டது நான், தவறு எங்களுடையது. பெயர், தேதி, கையெழுத்து. நிர்மலாதேவி படித்துவிட்டு, அதை நோயாளியின் ஃபைலில் பின் போட்டுக் குத்தினார்.

பூவிழி அஞ்சலாட்சியிடம் திரும்பி வந்து, வரட்டுமாம்மா என்று கேட்டாள்.

"போ. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு இன்னும் ஆத்திரமா வருது" என்றார் அஞ்சலாட்சி. "நல்லா ஆனப்புறம் பாத்துக்கலாம்."

அவர் வீட்டுக்குப் போக இன்னும் ஒன்பது நாள் ஆனது. போகும்போது ஆப் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காலையும் மாலையும் ஒரு நர்ஸ் அவருக்குப் போன் செய்தாள். கம்பெனியில் பூவிழிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கிக்கொண்டாள். கலைவாணனுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டாள். அவருக்கும் கொடுத்தார்கள். அந்த வாரத்திலிருந்து அங்கே எது செய்தாலும் தமிழில்தான் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பூவிழி சொன்னாள். யாரும் மறுத்துப் பேசவில்லை.